கடனுக்குச் சிக்கிய இன்ஜின்: ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனின் அமெரிக்கப் பயணம், 1969–1973

1972-இல் கலிஃபோர்னியாவின் லாத்ரப் என்ற ஊரில், ஷார்ப் ராணுவக் கிடங்கு வளாகத்துக்குள் இங்கிலாந்தின் மிகப் பிரபலமான நீராவி இன்ஜின் நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு பழுதும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக சுமார் 15,400 மைல், அதாவது 24,800 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து நின்ற இன்ஜின் அது. ராணுவ வேலிக்குள் போய் ஒதுங்கியதற்குக் காரணம் கடன்காரர்கள். வெளியே நின்றால் யாராவது ஜப்தி செய்துவிடுவார்கள். அதன் உரிமையாளரோ ஊர் திரும்பக் கையில் காசில்லாமல், ஒரு உல்லாசக் கப்பலில் பயணிகளுக்கு ரயில் கதைகள் சொல்லும் வேலையை ஏற்று, அதையே கப்பல் கூலியாக்கி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

இதைப் பெரும்பாலும் ஒரு ரயில் பித்தர் ஆசையால் அழிந்த கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஆசை எல்லாருக்கும்தான் இருக்கிறது. இங்கே தோற்றது வரவு வரும் வழியும் செலவு போகும் வழியும் ஒன்றுக்கொன்று பொருந்தாத ஒரு ஏற்பாடு. இதே இன்ஜின் 1988-இல் இன்னொரு கண்டத்துக்குப் போய் வெற்றியோடு திரும்பியிருக்கிறது. அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

பிரிட்டனில் கட்டிய இன்ஜின் கடல் கடப்பது அதிசயமான செய்தி அல்ல. லீட்ஸ், கிளாஸ்கோ, மான்செஸ்டர் பட்டறைகள் நூறாண்டுக்கும் மேலாக உலகம் முழுவதற்கும் இன்ஜின் செய்து அனுப்பின. 1855-இல் லீட்ஸ் நகரின் கிட்சன், தாம்ப்சன், ஹெவிட்சன் பட்டறையில் உருவான இ.ஐ.ஆர். 21 அப்படிக் கப்பலேறி கிழக்கிந்திய ரயில்வேக்கு வந்ததுதான். பல பத்தாண்டுகள் காட்சிப்பொருளாக நின்ற அதை 2010-இல் பெரம்பூர் பட்டறைக்காரர்கள் மறுபடியும் ஓடவைத்தார்கள். இப்படி வந்தவை எல்லாம் விலைக்கு வந்தவை. வந்த இடத்தில் வேலை இருந்தது, ஷெட் இருந்தது, கரியும் தண்ணீரும் சம்பளப் பட்டியலும் இருந்தன. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் இவை எதுவும் காத்திராத ஒரு நாட்டுக்கு, விருந்தாளியாகப் போனது.

இன்ஜினும் அதை வாங்கியவரும்

நைஜல் கிரெஸ்லி வடிவமைத்து, டான்காஸ்டர் பட்டறையில் 1923 பிப்ரவரியில் வெளிவந்த இன்ஜின் இது. அடக்கவிலை 7,944 பவுண்டு. மூன்று சிலிண்டர், 6 அடி 8 அங்குல ஓட்டுசக்கரங்கள். 1924-இல் வெம்ப்ளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சிக்காக இதற்கு 4472 என்று எண் மாற்றினார்கள். அந்தக் கண்காட்சிக்கு வந்த கூட்டத்தில் ஆலன் பெக்லர் என்ற நான்கு வயதுப் பையனும் இருந்தான். அவனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1928 மே 1 அன்று லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு, சுமார் 393 மைல், எங்கும் நிற்காமல் போனது. ஒரே டிரைவரும் ஃபயர்மேனும் எட்டு மணி நேரம் தாங்க முடியாது. அதற்காக, இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டர் என்ற வண்டியின் ஓரத்தில் 18 அங்குல அகலமும் 5 அடி உயரமும் கொண்ட ஒரு சந்து வைத்தார்கள். முதல் பெட்டியில் ஓய்வில் இருக்கும் மாற்று ஆட்கள் பாதி வழியில் அந்தச் சந்துக்குள் குனிந்து, தோளைப் பக்கவாட்டில் திருப்பி நுழைந்து, கரிக்குவியலுக்குப் பக்கத்திலேயே நடந்து இன்ஜினுக்கு வருவார்கள். களைத்தவர்கள் அதே வழியில் திரும்பிப் போவார்கள். கொஞ்சம் பருமனானவர் சிக்கிக்கொள்ளும் அளவு அது. தண்ணீருக்கும் இதே கெட்டிக்காரத்தனம்தான்: தண்டவாளங்களுக்கு நடுவே நீளமான தொட்டிகள் கட்டி, ஓடுகிற வேகத்திலேயே டெண்டருக்கு அடியிலிருந்து ஒரு அகப்பையை இறக்கி அள்ளிக்கொள்வார்கள். இந்தத் தண்ணீர் விஷயம் பின்னால் பெரிய செலவாக வந்து நிற்கும்.

1934 நவம்பர் 30 அன்று மணிக்கு 100 மைல் வேகத்தை முறைப்படி அளந்து பதிவுசெய்த முதல் நீராவி இன்ஜின் என்ற பெயரும் சேர்ந்தது. 1904-இலேயே சிட்டி ஆஃப் ட்ரூரோ அந்த வேகத்தைத் தொட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தச் சண்டை ரயில் ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை.

நாற்பது ஆண்டு உழைத்தபின் 1963 ஜனவரி 14 அன்று ஓய்வு. பழைய இரும்புக்குப் போக வேண்டியது. காப்பாற்றக் கிளம்பிய ரசிகர் குழுவால் கேட்ட 3,000 பவுண்டைத் திரட்ட முடியவில்லை. அப்போது முன்வந்தவர்தான் வெம்ப்ளிப் பையன் பெக்லர். போரில் கடற்படை விமானி. குடும்பத்துக்கு ரப்பர் தொழிற்சாலை. வேல்ஸில் மூடிக்கிடந்த ஃபெஸ்டினியாக் சிறு ரயில் பாதையை 1954-இல் தன் பொறுப்பில் எடுத்து உயிர்கொடுத்தவர். ரப்பர் நிறுவனப் பங்குகள் விற்றதில் அவருக்குக் கிடைத்தது 70,000 பவுண்டு. அதில் 3,000 கொடுத்து இன்ஜினை வாங்கினார். அவரை விளையாட்டுப் பிள்ளை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு ஒரு சான்று, வாங்கும்போதே பிரிட்டிஷ் ரயில்வேயிடம் அவர் எழுதி வாங்கிக்கொண்ட ஒப்பந்தம். ரயில்வேயின் முக்கியப் பாதைகளில் தன் இன்ஜினைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஓட்டிக்கொள்ளும் உரிமை அதில் இருந்தது.

1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வே நீராவியை முழுக்க நிறுத்தி, தனியார் நீராவி இன்ஜின்களுக்கும் தடை போட்டபோது, அந்த ஒப்பந்தத்தின் பலத்தால் தொடர்ந்து ஓடியது 4472 மட்டும்தான். வழியில் இருந்த தண்ணீர்க் குழாய்களையும் தொட்டிகளையும் ரயில்வே பிடுங்கிப்போட்டுக்கொண்டே வந்ததால், பெக்லர் 1966-இலேயே இரண்டாவது டெண்டர் ஒன்றை வாங்கி, தண்ணீருக்கு மட்டும் என்று மாற்றி இன்ஜினுக்குப் பின்னால் மாட்டியிருந்தார். இப்படித் தன் ஊரிலேயே தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட இன்ஜின் அது. ஒப்பந்தக் காலமும் கரைந்துகொண்டிருந்தது.

அமெரிக்கா ஏன்?

இன்ஜினை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி பெக்லருக்கு. டாலரை எப்படிச் சம்பாதிப்பது என்ற கேள்வி ஹரால்ட் வில்சன் அரசுக்கு. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40-க்கு இறக்கியிருந்தார்கள். ஏற்றுமதியைப் பெருக்கினால்தான் பிழைப்பு. பிரிட்டிஷ் சரக்குகளை விளம்பரப்படுத்தும் கண்காட்சி ரயில் ஒன்றை, ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் இழுத்துக்கொண்டு அமெரிக்க நகரங்களைச் சுற்றிவருவது என்ற யோசனை இரண்டு பேருக்குமே பொருந்தியது. அரசின் ஆதரவும் கிடைத்தது.

காகிதத்தில் இது நல்ல யோசனைதான். அன்றைய அமெரிக்காவில் நீராவி ரயிலைப் பார்க்க ஊரே திரளும் என்பதில் சந்தேகம் இல்லை, திரளவும் செய்தது. ஆனால் வரவு எங்கிருந்து வரும் என்று பாருங்கள். டிக்கெட் விற்று மக்களை ஏற்றிச்செல்லும் ரயில் அல்ல இது. பெட்டிகளில் இடம் எடுக்கும் நிறுவனங்கள் கட்டும் பணம்தான் வரவு. அந்த நிறுவனங்கள் வருவது அரசு பின்னால் நிற்கிறது என்ற நம்பிக்கையில். ஆக, பார்க்க வரும் லட்சம் பேருக்கும் கல்லாப்பெட்டிக்கும் நேரடித் தொடர்பே இல்லை. கூட்டம் கூடக்கூட வருமானம் கூடாத ஒரு தொழில்.

இன்ஜினைத் தயார்செய்த வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. லீட்ஸில் ஹன்ஸ்லெட் பட்டறையில் முழுப் பழுதுபார்ப்பு நடந்தது. அமெரிக்க விதிகளுக்காக முகப்பில் மாட்டுத் தடுப்பு, மணி, பெரிய விளக்கு, அமெரிக்க பாணி ஊதல், அந்த ஊர்ப் பெட்டிகளோடு சேரும் தானியங்கி இணைப்பி எல்லாம் பூட்டினார்கள். பிரேக்தான் முக்கியமான மாற்றம். பிரிட்டனில் அன்று நீராவி ரயில்கள் பெரும்பாலும் வெற்றிட பிரேக்கில் ஓடின: குழாயில் காற்றை உறிஞ்சி எடுத்து வைத்தால் பிரேக் விடும், காற்று உள்ளே புகுந்தால் பிடிக்கும். அமெரிக்காவில் நேர்மாறாக அழுத்தக் காற்று. ஒன்று மற்றொன்றோடு சேராது. அதனால் காற்று பிரேக் அமைப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. தண்டவாள அகலம் இரண்டு நாட்டிலும் ஒன்றே, 1,435 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் இன்ஜின்கள் உயரத்திலும் அகலத்திலும் சிறியவை என்பதால் பாலத்தில் இடிக்குமோ, சுரங்கத்தில் உரசுமோ என்ற கவலையும் இல்லை. ராட்சத அமெரிக்க இன்ஜின்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பச்சை நிற இன்ஜின் ஒரு கைவினைப் பொருள்போலத் தெரிந்திருக்கும்.

மூன்று பருவங்கள்

1969 செப்டம்பர் 19 அன்று லிவர்பூலில் சாக்ஸோனியா கப்பலில் ஏற்றினார்கள். பாஸ்டனில் இறக்கி, அக்டோபரில் பயணம் தொடங்கியது. ஒன்பது பெட்டிகள். அவற்றில் புல்மன் என்ற சொகுசுப் பெட்டிகளும், முன்பு டெவன் பெல் ரயிலில் ஓடிய, பின்புறம் முழுக்கக் கண்ணாடி வைத்த காட்சிப் பெட்டியும் அடக்கம். ஸ்காட்லாந்துக் கட்டம்போட்ட குட்டைப் பாவாடையில் வரவேற்புப் பெண்கள். நியூயார்க், வாஷிங்டன் என்று இறங்கி டெக்சாஸ் வரை போய்ச்சேர்ந்தது. குளிர்காலத்துக்கு ஸ்லேட்டன் என்ற ஊரில் நிறுத்தினார்கள்.

சிக்கல் முதல் பருவத்திலேயே தலைகாட்டிவிட்டது. நீராவி இன்ஜினின் புகைபோக்கியிலிருந்து தெறிக்கும் பொறி தீவிபத்தை உண்டாக்கும் என்று சில மாநிலங்கள் பயந்தன. எங்கள் எல்லைக்குள் டீசல் இன்ஜின்தான் இழுக்க வேண்டும் என்றன. நீராவி இன்ஜினைக் காட்டத்தான் போகிறார்கள்; அதை டீசல் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும், அதற்குக் காசும் கட்ட வேண்டும். இது போதாதென்று, அமெரிக்க ரயில் பாதைகள் ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இல்லை. ஒவ்வொரு பாதையும் ஒவ்வொரு தனியார் கம்பெனிக்குச் சொந்தம். பிரிட்டனில் ஒரு ரயில்வேயோடு பேசி ஒரே ஒப்பந்தத்தில் முடித்துப் பழகிய பெக்லர், இங்கே எல்லைக்கு எல்லை புதிய ஆட்களோடு புதிதாகப் பேச வேண்டியிருந்தது. அமெரிக்க ரயில்வேக்கள் நீராவியைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்ததால் கரி ஏற்றும் மேடையோ தண்ணீர்க் கோபுரமோ எங்கேயும் நிச்சயமில்லை. இரண்டாவது டெண்டர் இல்லாதிருந்தால் பயணம் அங்கேயே நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

செலவு முழுக்க டாலரில். பெக்லரின் சொத்தோ, டாலர் மதிப்பில் ஏழில் ஒரு பங்கு இழந்திருந்த பவுண்டில். எந்த மதிப்பிறக்கம் இந்தப் பயணத்துக்கு அரசின் ஆசியைப் பெற்றுத்தந்ததோ, அதுவே ஒவ்வொரு ரசீதையும் கனமாக்கியது.

1970 கோடையில் டெக்சாஸிலிருந்து வடக்கே விஸ்கான்சின் போய், கனடாவின் மான்ட்ரியால் வரை ஓட்டம். விஸ்கான்சினில் கிரீன் பே நகர ரயில் அருங்காட்சியகத்தில் இதே டான்காஸ்டரில் பிறந்த, இதே கிரெஸ்லி வடிவமைத்த இன்னொரு இன்ஜின் இருந்தது: 1964-இல் அன்பளிப்பாக அனுப்பப்பட்ட டுவைட் டி. ஐசன்ஹோவர். அது ஓடவில்லை, நின்றது. நின்றதால் யாருக்கும் கடன் வைக்கவும் இல்லை.

அந்த ஜூன் மாதத்தில்தான் அடி விழுந்தது. 1970 ஜூன் 18 அன்று நடந்த பிரிட்டிஷ் தேர்தலில் வில்சன் தோற்றார். எட்வர்ட் ஹீத்தின் கன்சர்வேட்டிவ் அரசு வந்தது. ரயிலுக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. தற்செயலாக அதே வாரம், ஜூன் 21 அன்று, அமெரிக்காவின் மிகப் பெரிய ரயில் கம்பெனிகளில் ஒன்றான பென் சென்ட்ரல் திவால் மனு கொடுத்தது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் ரயிலை நம்பிப் பணம் போடும் மனநிலை அந்த நாட்டில் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

புத்திசாலித்தனமாக நிறுத்தியிருக்க வேண்டிய இடம் இதுதான். மான்ட்ரியால் ஒரு துறைமுகம். அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்தால் வீடு. பெக்லர் தொடர்ந்தார். 1971-இல் டொரன்டோவிலிருந்து கண்டத்தையே குறுக்காகக் கடந்து சான் பிரான்சிஸ்கோ போனார். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: வீட்டிலிருந்து அதைவிடத் தொலைவான துறைமுகம் அந்த நாட்டில் அதிகம் கிடையாது. அங்கிருந்து திரும்ப வேண்டுமானால் பனாமா கால்வாய் வழியாகச் சுற்ற வேண்டும். கடன் ஏறஏற இன்ஜின் வீட்டை விட்டுத் தள்ளிப்போனது. மொத்தக் கதையிலும் நான் பிழை என்று சுட்டுவது இந்த ஒரு முடிவைத்தான். கிளம்பியது பிழை என்று சொல்ல மாட்டேன்.

சான் பிரான்சிஸ்கோவில் ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப் பகுதியில் துறைமுகப் பாதையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். யானையைக் கட்டித் தீனி போடுகிறவனுக்கு அந்தச் சில்லறை எம்மாத்திரம்? கடன் 1,32,000 பவுண்டு என்ற நிலையில் எல்லாம் நின்றது. பங்கு விற்றுக் கிடைத்த 70,000 பவுண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. 1972-இல் லண்டன் உயர் நீதிமன்றம் பெக்லரைத் திவாலானவர் என்று அறிவித்தது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. பிரிட்டிஷ் ரயில்வேயின் நீராவித் தடை 1971 அக்டோபரில் தளர்ந்தது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கிங் ஜார்ஜ் V இன்ஜின் முக்கியப் பாதையில் சிறப்பு ரயிலை இழுத்துக்கொண்டு போனது. தடையை மீறி ஓடும் தனி உரிமையை வாங்கி வைத்திருந்த மனிதர், எல்லாருக்கும் கதவு திறந்த நேரத்தில் கலிஃபோர்னியாவில் இருந்தார்.

மீட்பு

இன்ஜின் அமெரிக்காவிலேயே தங்கிவிடும், வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள் என்றெல்லாம் வதந்தி. 1973 ஜனவரியில் பிரெஸ்ஸிங்கம் நீராவி அருங்காட்சியகத்தை நிறுவிய ஆலன் ப்ளூம், வில்லியம் மெக்கால்பைனுக்குத் தொலைபேசியில் பேசினார். பெரிய கட்டுமான நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த மெக்கால்பைன் தன் வீட்டு வளாகத்திலேயே ரயில் பாதை போட்டு வைத்திருந்தவர். ஆளைத் தேர்ந்தெடுத்ததில் ப்ளூம் சரியாகத்தான் கணித்திருந்தார். பெக்லரின் பயணத்தை நிர்வகித்த ஜார்ஜ் ஹின்ச்கிளிஃப் அமெரிக்கா போய்க் கடன் கொடுத்தவர்களிடம் பேசினார். 25,000 பவுண்டுக்கு விலை படிந்தது.

1,32,000 எங்கே, 25,000 எங்கே? கடன்காரர்களின் இடத்தில் இருந்து பார்த்தால் புரிகிறது. சுமார் 96 டன் இன்ஜினும், தனியாக ஒன்றுக்கு இரண்டு டெண்டரும். அந்த ஊரில் அதை ஓட்ட ஆள் இல்லை, வாங்க ஆள் இல்லை. கப்பலேற்றினால்தான் அதற்கு மதிப்பு. கப்பலேற்றும் செலவையும் வாங்குகிறவர்தான் ஏற்க வேண்டும். லண்டனில் வைத்திருந்தால் அதே கடன்காரர்கள் இன்னும் அடம்பிடித்திருப்பார்கள். பெக்லரைக் கவிழ்த்த அந்தத் தூரம்தான் இன்ஜினை மலிவாக்கிக் காப்பாற்றியது.

கலிஃபோர்னியா ஸ்டார் என்ற கப்பலில் பனாமா வழியாக 1973 பிப்ரவரியில் லிவர்பூல் வந்து இறங்கியது. அங்கிருந்து டார்பி பட்டறைக்கு லாரியிலோ டீசல் இழுத்தோ கொண்டுபோகவில்லை. தன் நீராவியிலேயே ஓடிப்போனது. வழியெங்கும் கூட்டம். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதனோடு போன பெட்டிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கண்ணாடிக் காட்சிப் பெட்டி சான் பிரான்சிஸ்கோவிலேயே தங்கிவிட்டு, 2007-இல்தான் இங்கிலாந்தின் ஸ்வானேஜ் ரயில்வேக்குத் திரும்பியது.

அதே இன்ஜின், வேறு ஏற்பாடு

1988-இல் ஆஸ்திரேலியா தன் 200-ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது மெல்போர்னில் ஒரு நீராவித் திருவிழா ஏற்பாடானது. அவர்கள் முதலில் கேட்டது மல்லார்ட் இன்ஜினை. மணிக்கு 126 மைல் ஓடி அது படைத்த உலக சாதனைக்கு அந்த ஆண்டுதான் பொன்விழா; ஊரை விட்டு அனுப்ப முடியவில்லை. பதிலாகப் போனது மெக்கால்பைனின் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன். சுமார் ஓராண்டில் 45,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அமெரிக்க ஓட்டத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 1989 ஆகஸ்ட் 8 அன்று பார்க்ஸ் நகரிலிருந்து புரோக்கன் ஹில் வரை 679 கிலோமீட்டர் நிற்காமல் போனது. நீராவி இன்ஜின் ஒன்று நிற்காமல் ஓடியதில் பதிவான மிக நீண்ட தூரம் அதுதான். டர்கூலாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு 735 டன் ரயிலை இழுத்தது.

வித்தியாசம் எங்கே? ஆஸ்திரேலியாவில் அழைத்தவர்கள் இருந்தார்கள். பெக்லரின் பயணத்தில் விருந்தாளிதான் வீடு தேடிப் போனார். ஆஸ்திரேலியாவில் 3801 போன்ற சொந்த நீராவி இன்ஜின்களை ஓட்டிக்கொண்டிருந்த ஆட்கள் இருந்தார்கள். கரி எங்கே, தண்ணீர் எங்கே, எந்த அதிகாரியிடம் பேச வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. மக்கள் ரயிலில் ஏறிப் பயணம் செய்தார்கள், அதற்காகக் காசு கொடுத்தார்கள். ஆட்சி மாறினால் நின்றுவிடக்கூடிய அயல்நாட்டு வர்த்தகப் பிரசாரமாக அது இல்லை. வயது மட்டும்தான் இன்ஜினுக்குப் பாதகம்: ஆஸ்திரேலியா போனபோது அதற்கு 65. திரும்பும்போது தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றிக் கப்பலில் வந்து, உலகையே வலம்வந்த கணக்கும் ஆகிவிட்டது.

அங்கே பெர்த் நகரில் பெண்டெனிஸ் காஸில் என்ற இன்னொரு பிரிட்டிஷ் இன்ஜினையும் சந்தித்தது. 1925-இல் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனை ஓட்டிய ரயில்வேயும் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயும் தங்கள் இன்ஜின்களை மோதவிட்டு நடத்திய ஒப்பீட்டு ஓட்டங்களில், கிரெஸ்லியின் இன்ஜின்களைத் திணறடித்த, கிரேட் வெஸ்டர்னின் ஸ்விண்டன் பட்டறைத் தயாரிப்பு அது. 1977-இல் ஹாமர்ஸ்லி அயர்ன் என்ற இரும்புத்தாதுக் கம்பெனி வாங்கி, ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதிக்குக் கொண்டுபோயிருந்தது. விற்றவர்களில் ஒருவர் யார் என்றால், நம் மெக்கால்பைன்தான். ஒரு இன்ஜினைக் கடல் கடந்து மீட்டுவந்தவரே நான்காண்டில் இன்னொன்றைக் கடல் கடத்தி அனுப்பினார் என்பதை மேற்கோள் காட்ட ரசிகர்கள் பலருக்கு மனம் வராது. ஆனால் வாங்கியவர்களிடம் சொந்தமாக ரயில் பாதையும், பட்டறையும், பணமும் இருந்தன. 2000-இல் அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டார்கள். இப்போது இங்கிலாந்தின் டிட்காட்டில் இருக்கிறது. 2022-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது.

பெக்லருக்குப் பிறகு வந்தவர்களும் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனை வைத்து நிம்மதியாக இருந்ததில்லை. 1996-இல் டோனி மார்ச்சிங்டன் 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். பழுதுபார்ப்புக்கு மேலும் பெருந்தொகை கொட்டினார். அவருக்கும் திவால்தான் முடிவு. 2004-இல் யார்க் தேசிய ரயில் அருங்காட்சியகம் சுமார் 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அடுத்து நடந்த புதுப்பிப்புக்கு 42 லட்சம் பவுண்டும் பத்தாண்டும் பிடித்தன. 2016 பிப்ரவரியில்தான் கிங்ஸ் கிராஸிலிருந்து மறுபடி புறப்பட்டது. இவர்கள் யாரும் அமெரிக்கா போகவில்லை. அமெரிக்கப் பயணத்தைக் குறைசொல்லும்போது இதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்: இந்த இன்ஜின் உள்ளூரில் இருந்தாலும் ஒரு தனி மனிதரின் பையைக் காலிசெய்யக்கூடியது. வெளிநாடு அதை விரைவுபடுத்தியது.

பெக்லர் மனம் ஒடிந்துவிடவில்லை. லண்டனில் இடைக்கால பாணி விருந்துகளில் எட்டாம் ஹென்றி வேடம் போட்டுப் பிழைத்தார். ஃபெஸ்டினியாக் ரயில்வேயோடு இருந்த தொடர்பும் அறவில்லை. 2012-இல், 91 வயதில் இறந்தார்.

அதே 2012-இல் யார்க் அருங்காட்சியகம் கிரீன் பேயிலிருந்து ஐசன்ஹோவரையும், கனடாவிலிருந்து டொமினியன் ஆஃப் கனடாவையும் கப்பலில் வரவழைத்தது. மல்லார்டின் சாதனைக்கு 75 ஆண்டு நிறைவதையொட்டி, மல்லார்டின் ஏ4 வகையில் எஞ்சியிருந்த ஆறு இன்ஜின்களையும் 2013 ஜூலையில் ஒரே இடத்தில் நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு. இரண்டும் இரவல். எதுவும் ஓடவில்லை, வண்ணம் பூசி, மெருகேற்றி, காட்சிக்கு வைத்தார்கள். 2014-இல் சொன்னபடி இரண்டையும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள்.